குதிரை ஏறுபவரை எதை வைத்து அளப்பது?

விருதுநகர் பக்கம் குதிரை பார்க்க வேண்டுமென்றால் ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அதுவும் வேளார் செய்து சுட்டு வைத்த மண் குதிரை! ஆனால் ஒரு காலத்தில் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக உயிருள்ள குதிரைகள் வந்து இறங்கின. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வருடத்துக்கு 2000-க்கும் மேல் குதிரைகள் வாங்கப்பட்டன, வருடக் கடைசியில் நூறு கூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் இல்லையாம், தீனியாக வேக வைத்த இறைச்சியும் சோறும் போட்டார்களாம். (அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். பாதியைக் கழித்தாலும் பாவம் அந்தக் குதிரைகள்.)

ஏறி உட்காரத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? பிரிட்டனில் 1969-ல் உருவான 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட்' சங்கம் மாற்றுத் திறனாளிகளுக்கு வைக்கும் தேர்வுகளில் சவாரியோடு குதிரைப் பராமரிப்பும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குதிரையைத் தேய்த்து விடுவது, தீனி, குளம்பு, சேணம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 'பாவம், ஒரு ரவுண்டு ஏற்றி இறக்கி விடுவோம்' என்கிற கதை அங்கே கிடையாது.

இதற்கெல்லாம் வழி காட்டியவர் லிஸ் ஹார்ட்டெல் என்ற டென்மார்க் பெண். 1944-ல், 23 வயதில், கர்ப்பமாக இருந்தபோது போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போனது. குதிரை ஏறவும் இறங்கவும் இன்னொருவர் உதவி வேண்டும். இருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் போட்டியில் ஜூபிளி என்ற குதிரையோடு வெள்ளி வாங்கினார். (சவாரி செய்பவரின் குறிப்புக்கேற்ப குதிரையைப் பல நடைகளில் நடத்திக் காட்டுவதுதான் டிரெஸ்ஸாஜ்.) ராணுவ அதிகாரிகள் மட்டுமே கலந்து கொண்டிருந்த அந்தப் போட்டியில் பெண்களை விட்டதே அந்த வருடம்தான். தங்கம் வென்ற ஸ்வீடன்காரர் சான் சீர், அவர் மேடை ஏறக் கை கொடுத்தார். 1956-லும் அதே குதிரை, அதே வெள்ளி.

பாராலிம்பிக்கில் இந்தப் போட்டி 1996 அட்லாண்டாவில் சேர்ந்தது. இப்போது ஐந்து கிரேடுகள். முதல் கிரேடில் சாதாரண நடை மட்டும். ஐந்தாவதில் பாய்ச்சல் வரை போகும். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கிரேடு பிரிப்பவர்கள் தசை பலம், மூட்டு அசைவு, பார்வை இவற்றைத்தான் சோதிக்கிறார்கள், சவாரித் திறமையை அல்ல. திறமைக்கு மார்க் போடுவது மைதானத்தில், வேறு நடுவர்கள். ஊனம் ஒரு கணக்கு, திறமை இன்னொரு கணக்கு. காலால் அழுத்த முடியாதவர் இரண்டு கையிலும் சாட்டை வைத்துக் கொள்ளலாம், விரல் இல்லாதவர் கடிவாள வாரில் வளையம் தைத்துக் கொள்ளலாம். அதற்காக மார்க் குறையாது.

விரல் என்றதும் சிவகாசி ஞாபகம் வராமல் இருக்குமா? 1923-ம் வருட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை பி.காம். படித்தவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அதன் பட்டியலில் கட்டை விரல் போனால் 30 சதவிகிதம், இரண்டு கையும் போனால் 100 சதவிகிதம். சம்பாதிக்கும் சக்தியில் அவ்வளவு போய்விட்டது என்று அர்த்தம். மருந்து இடிக்கும்போதோ திரி வைக்கும்போதோ கை போனவருக்கு இந்தச் சதவிகிதம்தான் கணக்கு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்த விபத்தில், தீக்காயத்தோடு பிழைத்தவர்கள் அதைவிட அதிகம்.

நஷ்ட ஈடு கொடுக்க அந்தக் கணக்கு தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் 'போனது எவ்வளவு' என்ற ஒரு காலம் மட்டும்தான் இருக்கிறது. வளையம் தைத்த வாரைக் கொடுத்துவிட்டு 'சரி, இப்போது ஓட்டிக் காட்டு' என்று கேட்கிற இரண்டாவது காலம், மத்தாப்பு சுற்றும் ஊர்களில் இன்னும் காலியாகவே கிடக்கிறது.