நிகழ்படக் கருவியின் பதிவு ஊடகம்

நிகழ்படக் கருவியின் பதிவு ஊடகம் என்பது, வீடியோ கேமரா எனப் பரவலாக அறியப்படும் நிகழ்படக் கருவி தான் எடுக்கும் காட்சியையும் ஒலியையும் சேமித்து வைக்கும் பொருள் ஆகும். எண்ணிமக் கருவிகள் வீடுகளுக்குப் பரவிய 1995க்குப் பிந்தைய ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் மினிடிவி நாடா, 8 செ.மீ. டிவிடி, வன்தட்டு, நினைவக அட்டை ஆகியவை பயன்பட்டன. படத்தைக் கணினிக்கு மாற்றித் தொகுப்பது எளிதா, பதிவு நெடுநாள் நிலைக்குமா என்பன இவற்றுள் எதைத் தேர்ந்தெடுத்தனர் என்பதைப் பொறுத்தே அமைந்தன.

மினிடிவி நாடா

இது 1995இல் அறிமுகமான டிவி சீர்தரத்தின் சிறிய கேசட் ஆகும். இங்கு டிவி என்பது தொலைக்காட்சி அன்று. எண்ணிம நிகழ்படம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 6.35 மி.மீ. அகல நாடாவில் நிகழ்படம் நொடிக்கு 25 மெகாபிட்டு வீதத்தில் பதிவாகிறது. ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே சுருக்கப்படுவதால், தொகுக்கும்போது விரும்பிய சட்டத்தில் வெட்டலாம்.

ஃபயர்வயர் எனப்படும் ஐஇஇஇ 1394 இணைப்பின் வழியே நாடாவிலுள்ள தரவு மீண்டும் சுருக்கப்படாமல் அப்படியே கணினியை அடைகிறது. ஆனால் 60 நிமிட நாடாவை மாற்ற 60 நிமிடங்கள் ஆகும். வன்தட்டில் ஏறத்தாழ 13 கிகாபைட்டு இடமும் வேண்டும். ஃபேட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாததால், அத்தகைய தட்டில் முழு நாடாவையும் ஒரே கோப்பாகச் சேமிக்க முடியாது. பல கருவிகளில் இருந்த யூஎஸ்பி இணைப்பு ஒளிப்படங்களுக்கோ தரம் குறைந்த காட்சிக்கோ மட்டுமே பயன்பட்டது. இதை அறியாமல் கருவி வாங்கியோர் பலர்.

பிற ஊடகங்கள்

8 செ.மீ. டிவிடியின் கொள்ளளவு 1.4 கிகாபைட்டு மட்டுமே. எடுத்தவுடன் தொலைக்காட்சியில் பார்க்க உகந்தது, தொகுப்பதற்கு ஏற்றதன்று. இறுதியாக்கம் செய்யப்படாத வட்டைப் பிற இயக்கிகள் பெரும்பாலும் படிப்பதில்லை.

வன்தட்டிலும் நினைவக அட்டையிலும் பதிவு கோப்பாகவே இருப்பதால் சில நிமிடங்களில் நகலெடுக்கலாம். எனினும் 2006இல் வெளியான ஏவிசிஎச்டி வடிவத்தில் சட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்து சுருக்கப்படுவதால், அதைத் தொகுக்க அக்காலக் கணினிகள் திணறின. மேலும், அட்டையை அழித்து மீண்டும் பயன்படுத்துவதே வழக்கம். நாடா மலிவு என்பதால் அது அலமாரியில் மூலப்படியாகத் தங்கியது. கணினியின் வன்தட்டு பழுதானபோது, நாடாவில் எடுத்தோரிடம் மட்டும் திருமணப் படம் எஞ்சியது.

மலைப்பகுதிகளில்

உதகமண்டலத்தின் காந்தல் போன்ற, குளிரும் மூடுபனியும் மிகுந்த இடங்களில் நாடாவுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வெளியே குளிர்ந்த கருவியை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் சுழலும் பதிவுத்தலையில் நீர்த்துளி படிகிறது. நாடா ஒட்டிச் சிதையாமலிருக்கக் கருவி எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். உறையிலிட்டு மெதுவாகச் சூடேறவிடுவதே வழி. ஈரத்தில் வைத்த நாடாவில் பூஞ்சையும் வளரும். அதை இயக்கினால் பதிவுத்தலை கெடும்.

வன்தட்டின் தலை மெல்லிய காற்றுப்படலத்தில் மிதப்பதால், பல வன்தட்டுகளுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் என உயர வரம்பு உண்டு. நீலகிரியின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் ஆதலால் இங்கு இடரில்லை. லடாக் செல்வோருக்கு உண்டு.

இன்றைய நிலை

நாடாவை இயக்கும் கருவிகள் அருகிவருகின்றன. புதிய கணினிகளில் ஃபயர்வயர் இணைப்பு இல்லை. 2025இல் வெளியான மாக்ஓஎஸ் 26 அதற்கான ஆதரவையும் நீக்கியது. பழைய மேசைக்கணினியில் ஃபயர்வயர் அட்டை பொருத்தி மாற்றுவது இன்னும் இயலும். மூன்று நிற ஒலி-ஒளி கம்பிவடம் வழியாகவும் மாற்றலாம். ஆனால் காட்சி அலைமருவிக் குறிப்பலையாக மாறி மீண்டும் எண்ணிமமாவதால் தரம் குறையும்.