வீட்டுக் கணினியும் நிலைமின் பாதிப்பும்

நிலைமின்னிறக்கம் என்பது, வேறுபட்ட மின்னழுத்தத்தில் உள்ள இரு பொருள்கள் நெருங்கும்போதோ தொடும்போதோ அவற்றுக்கிடையே மின்னூட்டம் திடீரெனப் பாய்வதாகும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதும், பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென ஒலி எழுவதும் நிலைமின்னின் விளைவுகளே.

வரலாறு

வெற்றிடக் குழாய்களால் இயங்கிய தொடக்கக் காலக் கணினிகளை நிலைமின் பெரிதும் பாதிக்கவில்லை. 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மொகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் மாஸ் டிரான்சிஸ்டரை உருவாக்கினர். இதனுள் இருக்கும் மிக மெல்லிய சிலிக்கன் டை ஆக்சைடு படலம் சிறிய மின்பொறியாலும் துளைபடக்கூடியது. சில்லுகள் சிறுத்துக்கொண்டே வந்ததால் இச்சிக்கல் வளர்ந்தது. இதற்கென முதல் தொழில்நுட்பக் கருத்தரங்கு 1979இல் டென்வர் நகரில் நடந்தது.

சென்னையில்

கிண்டி, அடையாறு பகுதியை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐபிஎம் 370 கணினி நிறுவப்பட்டது. அத்தகைய பெருங்கணினிகளைப் பயிற்சி பெற்ற பொறியாளர்களே கையாண்டனர். 1990களில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கிக் கணினியை இணைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளிலும் கேபினெட் திறக்கப்பட்டது. பாதுகாக்கும் பொறுப்பும் வீட்டாரிடம் வந்தது.

ஈரப்பதமும் தவறான நம்பிக்கையும்

கடற்கரை நகரான சென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. எனவே இங்கு நிலைமின் தொல்லை இல்லை என்பர். இது பாதி உண்மையே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1980ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, கம்பள விரிப்பில் நடப்பவர் உடலில் வறண்ட காற்றில் 35,000 வோல்ட் வரையும், ஈரக் காற்றில் 1,500 வோல்ட் வரையும் சேரலாம். மனிதர் உணர்வது ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்கு மேல்தான். சில சில்லுகளுக்கோ 100 வோல்ட்டே போதும். ஆகவே கையில் எதுவும் உறைக்காமலேயே சில்லு கெடலாம். குளிர்சாதன அறையில் ஈரம் குறைவதால் இடர் மேலும் கூடும். பாதிக்கப்பட்ட சில்லு உடனே நிற்காமல், சில மாதம் கழித்துப் பழுதாவதும் உண்டு.

தடுக்கும் முறை

1. கணினியை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.
2. கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை முதலிலும், இடையிடையேயும் தொட வேண்டும். உடலும் கேபினெட்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதே நோக்கம்.
3. மணிக்கட்டுப் பட்டை இருந்தால் அதன் கவ்வியை அதே உலோகத்தில் மாட்டலாம். அதிலுள்ள 1 மெகா ஓம் மின்தடை அணிபவரின் உயிரைக் காக்கிறது.
4. ரேம், தாய்ப்பலகை ஆகியவற்றை விளிம்பில் பிடிக்க வேண்டும். பொருத்தும் வரை நிலைமின் தடுப்புப் பையிலேயே வைக்க வேண்டும்.
5. பருத்தி ஆடை நல்லது. பிளாஸ்டிக் விரிப்பும் தெர்மோகோலும் அருகில் இருக்கக் கூடாது.

பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் சுற்றிச் சுவரிலுள்ள பிளக் துளையில் செருகுவது உயிருக்கே ஆபத்து. பழைய வீடுகளில் எர்த் இணைப்பு இல்லாமலோ, கம்பிகள் மாறியோ இருக்கலாம். ரேம் போனால் வேறு வாங்கலாம் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.