டிரமும் டிஸ்க்கும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அது ஓடிய கதையையே எழுதினார்கள். அது நின்ற கதையை எழுதினோர் சிலரே. அந்தக் கதையில் ஒரு விந்தை உண்டு. 1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்பவர், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு ஒன்றை இருபுறமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் லூயி ரெனோ, சட்டி போன்ற ஓர் உருளைக்குள் பிரேக் ஷூக்கள் விரிந்து அழுத்தும் முறையை உருவாக்கினார். முன்னதன் வழிவந்ததே இன்றைய டிஸ்க் பிரேக். பின்னதன் வழிவந்தது டிரம் பிரேக்.

பிறந்த ஆண்டு ஒன்றாயினும் வாழ்வு ஒன்றாக அமையவில்லை. லாஞ்செஸ்டரின் தகட்டைக் கவ்விய செம்புப் பட்டைகள் கீச்சிட்டன. அக்காலத்துச் சாலைப் புழுதியில் விரைவில் தேய்ந்தும் போயின. டிரம் பிரேக்கோ மூடிய பாத்திரம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. சக்கரம் சுழலும் போக்கிலேயே முன் ஷூ உள்ளிழுக்கப்பட்டு, ஆப்புப்போல் இறுகிக்கொள்ளும். ஓட்டுபவர் காலால் சிறிது மிதித்தாலே போதும். சுமார் ஐம்பது ஆண்டுகள் டிரம் அரசோச்சியதற்கு இக்குணமே தலையாய காரணம். 1921-இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தப் பிரேக்கைக் கொணர்ந்தபோதும், அந்த அழுத்தம் சென்று சேர்ந்த இடம் டிரமே.

டிரமின் பகை வெப்பம். நெடுந்தூரம் மிதித்துக்கொண்டே மலையிறங்கினால் உருளை சூடேறி விரியும். விரிய விரிய ஷூவைவிட்டு அது விலகும். பெடல் கீழே போகும், வண்டி நில்லாது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் விரைந்து ஆறும். சூடேறித் தடித்தாலும் பட்டையை நோக்கியே தடிக்கும். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வென்றபோது உலகம் இதைக் கண்டுகொண்டது. 1955-இல் சித்ரோவன் டி.எஸ். கார் அதைப் பெருந்தொகையாகத் தயாராகும் வண்டிக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் மாற்றம் மெதுவாகவே வந்தது. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான தொடக்ககால அம்பாசடரும், மும்பையில் உருவான பத்மினியும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பூண்டவை. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பத்மினி டாக்சிகள் 2023-இல் மும்பைச் சாலைகளினின்று விடைபெற்றன. எஞ்சியவற்றைப் பேணுவோர் பலர், முன் சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் மாட்டுகின்றனர். பழைய வண்டிக்குப் பழைய பிரேக்கே அழகு என்போரும் உண்டு. அவர்களை நான் இகழமாட்டேன். ஆயினும் கண்டாலா மலைப்பாதையில் இறங்குபவர் டிஸ்க்கை விரும்பினால் அதில் வியப்பென்ன?

இடர் தோன்றுவது மாற்றிய பின்புதான். சக்கரத்தில் புதுமை வந்துவிட்டது. எண்ணெய்க் குழாயின் மறுமுனையில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரோ இன்னும் டிரம் காலத்தது. டிரம் முறையில், பெடலை விட்ட பிறகும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் குழாயில் தங்கவேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர்க் கிண்ணங்கள் காற்றை உள்ளே விடாதிருக்க அது துணை. அதற்கென மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு வைத்தனர். ஷூக்களைத் திரும்ப இழுக்க வலிய ஸ்பிரிங்குகள் இருந்ததால் அந்த அழுத்தம் தீங்கு செய்யவில்லை. டிஸ்க்கில் அத்தகைய ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் வளையத்தின் மெல்லிய நெகிழ்ச்சியே பிஸ்டனைப் பின்னிழுக்கிறது. பழைய வால்வு அப்படியே இருந்தால் பட்டைகள் தகட்டை உரசிக்கொண்டே இருக்கும். தகடு கொதிக்கும், எண்ணெயும் கொதிக்கும். ஆவி நிறைந்த குழாயில் பெடல் தரையைத் தொடும். எதை அஞ்சி டிரமைக் கழற்றினோமோ அதே விபத்து வேறு வாயிலாக வந்து சேரும்.

மற்றக் குறைகளும் இவ்வாறே. பெடல் கல்லாக இறுகினால், ஷூவின் ஆப்புக் குணம் போய்விட்டது. அதனை ஈடுசெய்யப் பூஸ்டர் வேண்டும். பெடல் ஆழமாகச் சென்றால், காலிப்பரின் பெரிய பிஸ்டனுக்கு ஏற்ற எண்ணெயைச் சிறிய மாஸ்டர் சிலிண்டர் தள்ளவில்லை. அல்லது இடக் காலிப்பரை வலப்புறம் மாட்டி, காற்று வெளியேறும் நிப்பிள் கீழ்நோக்கி நிற்கிறது. பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டால், பின்பக்கம் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இல்லை என்க.

உரசலின் வேரைக் காணும் முறை எளிது. சமதரையில் பத்து மைல் ஓட்டி வந்து, சூடு ஆறுமுன் முன் சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்துக. பெடலை விட்ட நிலையில் சக்கரம் கையால் சுழலவில்லையாயின், மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் நட்டைச் சிறிது தளர்த்துக. சூடான எண்ணெய் பீறிடும், முகத்தை விலக்கிக்கொள்க. சக்கரம் விடுபட்டால் குற்றம் மேலே: பழைய வால்வு, அல்லது இடைவெளியின்றித் தள்ளி நிற்கும் பெடல் தண்டு. விடுபடாமல், காலிப்பரின் நிப்பிளைத் திறந்தபின் விடுபட்டால், உட்புறம் ஊதி அடைபட்ட ரப்பர்க் குழாயே குற்றவாளி. அப்போதும் விடுபடாவிட்டால் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும். அதைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். எதைத் தளர்த்தினாலும் மீண்டும் முறுக்கி, காற்றை முழுதும் எடுத்து, பெடல் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்க.