தஞ்சைப் பெரிய கோயில்: கட்டுமானத் தொழில்நுட்ப விவாதம்

சோழ மன்னன் முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், சுமார் 60 மீட்டர் உயரமுள்ள கருங்கல் கட்டடம். எகிப்தியப் பிரமிடுகளைப் போலவே இதற்கும் ‘தொலைந்துபோன உயர் தொழில்நுட்பம்’ ஒன்றைக் கற்பிப்போர் உண்டு. அவர்களின் முதன்மைச் சான்று, உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல் இருக்கிறது என்பது. உண்மையில் சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் தவறு. நிழல் விழுவதை வெயில் நாளில் யாரும் நேரில் காணலாம். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் அமைத்துக் கல் ஏற்றினர் என்பது ஊர்வழக்கு.

கல்லைப் பிளந்து கொண்டுசென்ற முறைகளில் மர்மம் இல்லை. மாமல்லபுரத்துப் பாறைகளில் ஆப்பு இறக்க வரிசையாக வெட்டிய சதுரக் குழிகள் இன்றும் தெரிகின்றன. எகிப்திலும் 2013-இல் வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரசு ஏடுகள், பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுசென்ற மெரேர் என்பவரின் குழுவுடைய வேலைக் குறிப்புகளே.

தஞ்சைக் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற சிற்பியின் பெயரைத் தருகிறது. மறைந்த நாகரிகத்துக்குப் புகழைக் கொடுப்பது இந்தப் பெயரை அழிப்பதாகும். கோயில் கல்வெட்டின்படி, மன்னன் விமானத்துக்குச் செப்புக் கலசம் அளித்தது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது கி.பி. 1010.