யாருடைய பாட்டு?

சந்தானா குழுவின் ‘அப்ராக்சஸ்’ (1970) ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: இதெல்லாம் யாருடைய பாட்டு?

அதன் இரண்டு பெரிய ஹிட்டுகளையும் கார்லோஸ் சந்தானா எழுதவில்லை. ‘பிளாக் மேஜிக் வுமன்’ லண்டன்காரரான பீட்டர் கிரீன் எழுதியது. 1968இல் அவருடைய ஃப்ளீட்வுட் மேக் குழு வெளியிட்டது. ‘ஓயே கோமோ வா’ நியூயார்க்கின் டீட்டோ புவெந்தேயுடையது. அதுவும் வானத்திலிருந்து குதிச்சு வந்துடல. கியூபாவின் கச்சாவோ அமைத்த ‘சாஞ்சூயோ’வின் மெட்டு அதற்குள் ஓடுகிறது.

அப்போ சந்தானா என்னதான் செய்தார்? சான் பிரான்சிஸ்கோவின் வாலி ஹைடர் ஸ்டுடியோவில், புவெந்தேயின் புல்லாங்குழலும் டிரம்பெட்டும் இருந்த இடத்துக்கு எலக்ட்ரிக் கிதாரையும் கிரெக் ரோலியின் ஹேமண்ட் ஆர்கனையும் கொண்டுவந்தார்கள். அடியில் காங்கா, டிம்பாலே, சா-சா-சா தாளம் எல்லாம் அப்படியே நின்றன. கிரீனின் ப்ளூஸ் பாட்டோடு ஹங்கேரியரான காபோர் சாபோவின் ‘ஜிப்சி குயீன்’ இணைந்தது. ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

பிறகு புவெந்தேயிடமே வந்து சந்தானா பாட்டை வாசிக்கச் சொன்னார்களாம். முதலில் கடுப்பானவர், ராயல்டி காசோலையைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார் என்பார்கள்.

நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டுக்கான பெயர்வரிசை புவெந்தேயோடு முடிந்துவிடுகிறது. கச்சாவோ அதில் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.