மனிதன் தூக்கிச் சென்ற வண்டி



சரித்திர ஆசிரியன் ஒருவன் தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது நல்ல வழக்கம். அமெரிக்கக் கண்டத்தை மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை மோட்டார் வண்டியில் முதன்முதலாகக் கடந்தவர் யார் என்று கேட்டால், ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன் என்னும் மருத்துவரின் பெயரையே என் வகுப்பில் நெடுங்காலம் சொல்லி வந்தேன். 1903-ஆம் ஆண்டில் ஒரு தோழரோடும் ஒரு நாயோடும் அவர் வின்டன் காரில் சென்ற கதை மிகவும் சுவையானது. கேட்டவர் மறப்பதில்லை. ஆனால் அவர் நியூயார்க் நகரை அடைவதற்கு 20 நாட்களுக்கு முன்பே வேறொருவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஏறிச் சென்றது ஒரு சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிள்.

அவர் பெயர் ஜார்ஜ் வைமன். 1903 மே 16 அன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். அவருடைய வண்டி, உறுதியாக்கப்பட்ட சைக்கிள் சட்டத்தில் ஒன்றேகால் குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தியது, அவ்வளவுதான். பின்சக்கரத்தைச் சுழற்றியது ஒரு தோல்வார். எஞ்சின் ஓய்ந்தால் மிதிப்பதற்குப் பெடல்களும் இருந்தன. மொத்த எடை 50 கிலோவுக்கும் குறைவு. ஜாக்ஸனுடைய காரோ 20 குதிரைத்திறன் கொண்டது. எடை ஏறத்தாழ ஒரு டன்.

அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சாலை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. எதிரே சியரா நெவாடா மலை. அதற்கப்பால் நெவாடாவின் மணற்பாலை. அந்த மலையையும் பாலையையும் தவிர்க்கவே ஜாக்ஸன் வடக்கே ஆரெகன் வழியாகச் சுற்றிச் சென்றார். வைமன் நேரே மலைமீது ஏறினார். அது எப்படி முடிந்தது?

விடை வண்டியின் எடையில் இருக்கிறது. 1869-இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இணைக்கப்பட்டிருந்தது. சேறும் மணலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டபோதெல்லாம், வைமன் வண்டியைத் தூக்கி இருப்புப்பாதையின் மேல் வைத்தார். தண்டவாளங்களுக்கு இடையே சிலிப்பர் கட்டைகளின் மீது ஓட்டினார். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு குலுக்கல். இரயில் வந்தால் வண்டியோடு கீழே இறங்க வேண்டும். போனபின் மறுபடி ஏற்ற வேண்டும். மலையுச்சியில் பனி விழாமல் பாதையைக் காக்க அமைத்திருந்த நீண்ட மரக்கூடங்களின் இருளையும் இவ்வாறே கடந்தார். ஒரு டன் எடையுள்ள காரை எந்த மனிதன் இப்படித் தூக்கியிருக்க முடியும்?

சிறிய வண்டிக்குரிய துன்பங்களும் உண்டு. தோல்வார் அடிக்கடி அறுந்தது. சிக்காகோவை நெருங்கும் வேளையில் எஞ்சினின் கிராங்க் தண்டு முறிந்தது. மாற்று உறுப்பு கிடைக்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னர் நியூயார்க்குக்கு 150 மைல் தொலைவில், ஆல்பனி நகரில், எஞ்சின் முற்றிலும் ஓய்ந்தது. எவரும் மனம் தளரும் இடம் அது. வைமன் பெடலை மிதிக்கத் தொடங்கினார். ஜூலை 6 அன்று நியூயார்க்கை அடைந்தார். ஜாக்ஸன் வந்தது ஜூலை 26-இல்.

தம் பயணத்தை வைமன் அந்த ஆண்டே ஒரு மோட்டார் சைக்கிள் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஆகவே சான்று இல்லாமையால் நான் பிழை செய்தேன் என்று சொல்ல வழியில்லை. சான்று இருந்தது, நான் தேடவில்லை. பெரிய வண்டிதான் முதலில் சென்றிருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன்.

இப்போது அதே பாடத்தை நடத்தும்போது, முதலில் சென்றவர் யார் என்று மட்டும் நான் கேட்பதில்லை. எப்படிச் சென்றார் என்றும் கேட்கிறேன். மாணவர் சிலர் எஞ்சினின் ஆற்றலைப் பற்றிச் சொல்கிறார்கள். சிறிது நேரம் சிந்தித்தபின் யாராவது ஒருவர், "ஐயா, அவரால் அதைத் தூக்க முடிந்தது" என்கிறார். அந்த விடையைக் கேட்கும்போது என் பழைய பிழை சற்றே குறைந்ததாகத் தோன்றுகிறது.