மைனரின் ஒரிஜினல் எது?

உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கராஜில் கூரை மடிக்கிற மொறிஸ் மைனர் ஒண்டு மாசக்கணக்கா நிக்குது. “வேற எஞ்சின் போட்டா மதிப்புப் போயிடும், ஒரிஜினல்தான் வேணும்” எண்டு உரிமையாளர் காத்திருக்கிறார். ஆனால் எது ஒரிஜினல்?

1948இல் வந்த மைனருக்கு 918 சிசி எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்த பிறகு, ஒஸ்ரின் ஏ30இன் 803 சிசி எஞ்சினை மைனருக்குள் வைத்தார்கள். 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098. அதே ஏ-சீரிஸ் குடும்பம்தான் 1959இல் மினிக்கும் போனது. ஆக, மாற்றிப் போடும் வேலையைத் தொடங்கினதே கம்பனிதான்.

பொடி மட்டும் வேறு கதை. மைனருக்குத் தனிச் சேசி இல்லை. பாரத்தைப் பொடியே தாங்குகிறது. சலூனின் கூரையை வெட்டினால் மட்டும் போதாது, கீழே பலப்படுத்தவும் வேணும்.

பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போனது. கூரை மடிக்கும் மைனரின் உற்பத்தி 1969இல் நின்றது. 1990களிலோ இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இந்தக் கார்களைக் காப்பாற்றினது தொழிற்சாலை முத்திரை இல்லை, இங்கத்தைய மெக்கானிக்மாரின் கைகள். அந்தக் கைவேலையும் காரின் வரலாறுதான்.

பொருந்துற எஞ்சினைப் போடுங்கோ அண்ணை. எதை, எப்ப மாத்தினது எண்டு மட்டும் எழுதி வையுங்கோ.